பதில் வராத பிற்பாதி

சென்ற தவக்காலத்தில் ஒரு சாயங்காலம், செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மகள் லூர்து இரத்தம் கக்கினாள். எங்கள் வீட்டு வழக்கப்படி ஒவ்வொரு மந்திரத்திலும் முற்பாதியை நான் சொல்வேன். பிற்பாதியை அவள் சொல்வாள். அது முன்பு அவள் தாயின் பங்கு. தாயைச் சயரோகம் கொண்டுபோன பிறகு மகள் எடுத்துக்கொண்டாள். அன்று பிற்பாதி வரவில்லை. அந்த நோய் எங்கள் வீட்டை விட்டுப் போகவேயில்லை என்று அப்போதுதான் அறிந்தேன்.

நான் மார்க்கையன்கோட்டையில் பள்ளி உபாத்தியாயர். யுத்த காலம். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரிவாயு பஸ்ஸில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு மதுரைப் பக்கத்துக் காசநோய்ச் சானடோரியத்துக்குப் போனேன். விலாவுக்குள் ஊசியால் காற்றேற்றினார்கள். காற்று அமுக்கினால் நுரையீரல் ஓய்ந்திருக்கும், உள்ளே புண் ஆறும் என்றார்கள். ஆனால் நுரையீரல் ஓரிடத்தில் நார்போல நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அமுங்கவில்லை. இரத்தமும் நிற்கவில்லை.

"விலாவில் இரண்டு சிறு துளை போடுவோம். ஒன்றில் விளக்கு வைத்த குழாய், மற்றதில் சூட்டுக் கம்பி. பார்த்துக்கொண்டே நாரை அறுக்கலாம். மயக்கம் கொடுக்க மாட்டோம். அவள் இருமக்கூடாது. இருமினால் கம்பி எங்கே படும் என்று சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

இருமாமல் ஒரு வாய்க் கஞ்சி குடிக்க முடியாதவள் அவள். அவளோ சிரித்தாள்.

"நெஞ்சுக்குள்ள விளக்கேத்தப் போறாகளாம்யா. அங்கன எம்புட்டு ஒட்டடை கெடக்குன்னு இன்னைக்குத் தெரிஞ்சிரும்."

"சும்மா இரு ஆத்தா. பேசுனா இருமல் வரும்."

"நீங்க வெளிய முற்பாதியச் சொல்லுங்க. நான் மனசுக்குள்ள பதில் சொல்லிக்கிறேன்."

கதவைச் சாத்தினார்கள். தாழ்வாரத்தில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, அவள் இருமாதிருக்கட்டும்." முற்பாதியைச் சொல்லி, பழக்கத்தால் நிறுத்தினேன். பதில் இல்லை. உள்ளே இருமலும் இல்லை. இத்தனை மாதமாக அந்த இருமலைக் கேட்டுத்தான் அவள் உயிரோடிருப்பதை அறிந்துவந்தேன். கேட்ட வரமே கிடைத்தது. அது சாவைப்போல இருந்தது. அவள் தாயின் வாய் ஓய்ந்த அன்றும் வீடு இப்படித்தான் இருந்தது. மறுபடி முற்பாதி. மறுபடி அமைதி. கதவை இடித்துத் திறக்கக் கை துடித்தது. விரல்கள் செபமாலை மணியை விடவில்லை.

கதவு திறந்தது. "ஒருமுறைகூட இருமவில்லை" என்றார் டாக்டர், தாமே நம்பாதவர்போல. லூர்துவின் வெளுத்த உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. குனிந்து கேட்டேன். பிற்பாதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சர்வேசுரனுக்குத் தோத்திரம். நுரையீரல் அமுங்கியது, இரத்தம் நின்றது. காற்றேற்றிக்கொள்ள இன்னும் போய்வருகிறோம். ஆனாலும் செபத்தின் நடுவே அவள் மூச்சுவிட நின்றால் என் உடம்பு சில்லிடுகிறது. "இருக்கேன்யா" என்று சொல்லிவிட்டுத் தொடர்வாள்.

இதை வாசிக்கும் சகோதரரே, உங்கள் வீட்டிலும் பதில் வராத ஒரு பொழுது வரலாம். அது சாவா, இரக்கமா என்று கதவுக்கு வெளியே இருப்பவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. முற்பாதியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.