முதல் பட்டன்

பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் சுகிர்தம். அப்படி உட்கார வைத்தவள் அவளுடைய அக்கா கேத்ரின். அப்பா இறந்தபோது இருவரில் ஒருத்திதான் படிக்க முடியும் என்றாகிவிட்டது. கேத்ரின் யாரிடமும் கேட்காமல் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். அதைப் பற்றி அவள் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. தங்கை ஆபீசில் வேலை செய்கிறாள் என்பதை மட்டும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

ஆபீசுக்குப் புது டெலிபோன் வந்தபோது அதைச் சுகிர்தத்தின் பொறுப்பில் விட்டார்கள். பொருத்துவதற்குக் கொழும்பிலிருந்து மிலான் என்ற இளைஞன் வந்தான். ஒவ்வொரு பட்டனிலும் ஒரு நம்பரைப் பதிந்து வைத்தால் போதும், அழுத்தினால் நேரே அங்கே போய்விடும் என்று விளக்கினான். முதல் பட்டனுக்கு யார் நம்பர் என்று கேட்டான். தோட்ட மேலாளர் துரையின் பங்களா என்று சொல்லுவாள் என எதிர்பார்த்திருப்பான் போல. தோட்டத்து அம்புலன்ஸ் ஓட்டும் இராமையாவின் நம்பரைச் சொன்னாள் சுகிர்தம். ஆபீசில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. மலையில் யாருக்கு என்ன நடந்தாலும் இங்கேதான் ஓடி வருவார்கள். கொழும்பு ஆபீஸ், பேக்டரி, பங்களா எல்லாம் அதற்குக் கீழே போயின.

அடுத்த வருஷம் இராமையா ஓய்வுபெற்று மகனோடு போய்விட்டார். சுமன் என்ற புது டிரைவர் வந்தான். பட்டனில் நம்பரை மாற்றப் போனால் டெலிபோன் பாஸ்வேர்ட் கேட்டது. மிலானுக்குப் பேசினாள்.

"பாஸ்வேர்ட் ஹெட் ஆபீஸ்லதான் இருக்குங்க அக்கா. அவங்க சொன்னா நான் வந்து மாத்திக் குடுப்பேன்."

ஹெட் ஆபீஸில் கேட்டாள். அடுத்த முறை ஆள் அனுப்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மறுபடியும் கேட்டாள். அதே பதில் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் வந்தது. கடைசியில் சுமனின் நம்பரை ஒரு துண்டுத் தாளில் பெரிதாக எழுதி டெலிபோன் மேலேயே ஒட்டிவைத்தாள். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்த அன்று, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று துரை அதை உரித்துவிட்டார். அவள் திரும்பவும் ஒட்டினாள். அவரும் திரும்ப உரித்தார். மூன்றாவது தடவை ஒட்ட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பட்டனை நம்ப வேண்டாம் என்று இளைய கிளாக்கர் சஞ்சயனிடம் வாய்மொழியாகச் சொல்லி, நம்பரையும் கொடுத்தாள்.

கண்ணைக் காட்டுவதற்காக அவள் லீவு போட்டு ஹட்டனுக்குப் போன அன்றுதான் அது நடந்தது. காற்றில் மரக்கிளை முறிந்து குளவிக் கூடு கலைந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சிதறி ஓடினார்கள். கேத்ரின் வழுக்கி வடிகால் கானுக்குள் விழுந்தாள். விழுந்தவளைக் குளவிகள் விடவில்லை.

சுகிர்தம் சாயந்தரம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கடைத்தெருவில் லயத்து ஆட்கள் நின்றார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. லயத்தில் அக்காவுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் லெட்சுமி, முகமும் கைகளும் வீங்கிப்போய், கிட்டே வந்தாள். அவளும் அதே மலையில்தான் நின்றிருந்தாள்.

"கங்காணி ஆபீசுக்கு ஓடுனாரு. அந்தத் தம்பி பட்டன அமுக்குனுச்சாம். யாரோ ஒரு சிங்களப் பொம்பள எடுத்து, நம்பர் பிழைன்னு வச்சிட்டாங்களாம். திருப்பித் திருப்பி அமுக்கியிருக்கு."

இராமையாவின் பழைய நம்பர் எங்கோ வேறு யாருக்கோ போயிருந்தது. பதற்றத்தில் சஞ்சயனுக்குச் சுமனின் நம்பர் நினைவுக்கு வரவேயில்லை. பிறகு கங்காணியே பேக்டரிக்குப் பின்னால் இருந்த சுமனின் வீட்டுக்கு ஓடியிருக்கிறார்.

"வண்டியில ஏத்தும்போது அக்காவுக்குப் பேச்சு இருந்துச்சும்மா. ஒங்களுக்குச் சொல்லியாச்சான்னு கேட்டாங்க." லெட்சுமி வீங்கிய கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "டவுனு எட்டுறதுக்குள்ள மூச்சு நின்னுருச்சு."

செத்த வீட்டுக்குத் துரை மலர்வளையத்தோடு வந்தார். மண் போட்ட ஈரம் காயுமுன்னே விசாரணையும் வந்தது. டெலிபோனுக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டார்கள். சுகிர்தம் என்று துரை சொன்னார். அது பொய்யில்லை. தான் எத்தனை முறை கேட்டாள் என்பதை அவள் சொல்லத் தொடங்கினாள். கேட்டுக்கொண்டிருந்தவர் தலையாட்டிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதற்குமேல் அவள் வாதாடவில்லை. வாதாடி ஜெயித்தாலும் வீட்டில் அக்கா இருக்கப்போவதில்லை.

மிலான் அந்த வாரமே வந்து நம்பரை மாற்றினான். அவனுக்குக் கொடுத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. போகும்போது எதையோ சொல்ல வாயெடுத்தான். சுகிர்தம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சஞ்சயன் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டான். போகுமுன் அவளிடம் வந்து அழுதான். அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை, தேற்றவும் வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு, கேத்ரினின் மகள் லோஜனா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள். லயத்துக் காம்பரா தோட்டத்து வேலையில் பேர் பதிந்தவருக்குத்தான். பேருக்குரியவள் போய்விட்டதால் காம்பராவை விடச் சொல்லி ஆள் வந்திருந்தது. காம்பராவுக்குள் நோயில் படுக்கையாய்க் கிடக்கும் அப்பாவை அவள் எங்கே கொண்டுபோவாள்?

தன் குவாட்டர்ஸுக்கு எல்லோரும் வந்துவிடுங்கள் என்று சுகிர்தம் கெஞ்சினாள். துரை அதற்கு அனுமதிக்கமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.

"அம்மா பேர வெட்டிட்டு எம் பேரப் பதிஞ்சிருங்க சித்தி. நாளைக்கே மலைக்குப் போறேன்."

"பரீட்சைய எழுதிட்டுப் போயேன்டா, தங்கம்."

"அதுவரைக்கும் காம்பராவ வச்சிருப்பாங்களா?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சுகிர்தம் பேனாவை எடுத்து, அக்கா பெற்ற பிள்ளையின் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும், தெரியாதவள் போல, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.