விலா எலும்பும் முழங்காலும்

கால்பந்து கிளப்பின் தேர்வில் பயிற்சியாளர் முதலில் எங்களை மோதவிட்டார். புதுக்கோட்டையில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஜிம்முக்குப் பின்னால் மண் தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தது. இரண்டிரண்டு பேராக உள்ளே போய், கையைப் பயன்படுத்தாமல், தோளால் மட்டும் எதிராளியை வெளியே தள்ள வேண்டும். கால்பந்தைத் தொழிலாக எடுக்கிறவனுக்கு உதைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, உடம்பில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஒப்பந்தப் பேச்சு என்று சொல்லியிருந்தார்கள்.

எனக்கு ஜோடியாக வந்தவன் நார்த்தாமலைக்காரன். என்னைப் போலவே பின்வரிசைத் தடுப்பாட்டக்காரன். மாவட்ட அணியில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடியவர்கள். நான் கட்டுமாவடி. எத்தனையோ பஸ் பயணங்களில் என் தோளில் அவன் தூங்கியிருக்கிறான். ஆனால் கிளப்பில் எங்கள் இடத்துக்கு ஒரே ஒருவனைத்தான் எடுப்பார்கள் என்று அன்று காலையில் தெரிந்ததிலிருந்து அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

விசில் ஊதியதும் அவன் என் நெஞ்சுக்குள் பாய்ந்தான். நான் குனிந்து தாங்கி, அப்படியே மேலே எழும்பினேன். என் தோள் அவன் வாயில் மோதியது. உதடு கிழிந்து ரத்தம் என் பனியனில் தெறித்தது.

"கையத் தூக்குறடா நாயே!"

"தூக்கலடா. தோளுதான்."

"நிறுத்தாதீங்க, தள்ளுங்க" என்று பயிற்சியாளர் கத்தினார்.

தள்ளினேன். அவன் வட்டத்துக்கு வெளியே மல்லாந்து விழுந்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் எழுந்து ரத்தத்தைத் துப்பிவிட்டு உள்ளே போனான்.

அடுத்தது ஜிம்முக்குள் பெஞ்ச் பிரஸ். பெஞ்சில் மல்லாந்து படுத்து, இரும்புக் கம்பியை நெஞ்சு வரை இறக்கி மேலே தூக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எடையைக் கூட்டுவார்கள். தலைமாட்டில் ஜோடிக்காரன் நின்று, தூக்க முடியாமல் போகும்போது கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் அவன் படுத்தான். கடைசிச் சுற்றில் அவன் கை நடுங்கியபோது நான் பிடித்து ஏற்றி வைத்தேன். பிறகு நான் படுத்தேன்.

அவன் தூக்கிய எடையைத் தாண்டிவிட்டேன். அதற்கு மேலும் ஒரு எடைத்தட்டு போட்டார்கள். பாதி தூரம் ஏறியதும் என் இடது கை ஆட ஆரம்பித்தது.

"புடிடா" என்றேன்.

அவன் விரல்கள் கம்பிக்கு அடியில் இருந்தன. உதட்டில் வைத்திருந்த பஞ்சு சிவந்து ஊறியிருந்தது. அவன் கண்ணும் என் கண்ணும் நேராகப் பார்த்துக்கொண்டன. பிறகு அந்த விரல்கள் அங்கே இல்லை.

காய்ந்த மட்டையை மிதித்தது போல என் நெஞ்சுக்குள் ஒரு சத்தம் கேட்டது. கத்தக்கூட மூச்சு இல்லை. யார் யாரோ ஓடி வந்து கம்பியைத் தூக்கினார்கள். "கை வழுக்கிருச்சு, கை வழுக்கிருச்சு" என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, விலா எலும்புகளில் விரிசல் என்றார்கள். மத்தியானம் என் அண்ணன் வந்தார். கட்டுமாவடியிலிருந்து புதுக்கோட்டை மார்க்கெட்டுக்கு மீன் லோடு அடிக்கிற வேன் அவருடையது. என் முதல் பூட்ஸிலிருந்து எல்லாம் அவர் வாங்கித் தந்ததுதான். கூட இருந்த ஆட்டக்காரன் ஒருவன் நடந்ததைச் சொல்லிவிட்டான்.

"வேணும்னே கைய எடுத்தானா?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

"தெரியலண்ணே."

"சரி, ஏறு. ஊருக்குப் போவோம்."

வேன் ஊருக்குப் போகிற அறந்தாங்கி ரோட்டுக்குத் திரும்பாமல் எதிர்ப்பக்கம் போனது. "எங்கிட்டுண்ணே போற?" என்றேன்.

"ஒன் பைய எடுக்க வேணாமா?"

நம்பினேன். பை ஜிம்மில்தான் இருந்தது.

ஜிம்முக்குப் பின்னால், மைதான ஓரத்தில் நார்த்தாமலைக்காரன் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஜாக்கிக் கம்பியை உருவியபோதுதான் எனக்குப் புரிந்தது. கதவைத் திறந்து நான் இறங்குவதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. தோளில். அவன் எழப் பார்த்தான். இரண்டாவது அடி முழங்காலில். அவன் கத்திய கத்தலில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

நான் அண்ணனின் முதுகைக் கட்டிப் பிடித்தேன். "வேணாண்ணே" என்று சொல்லப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. அவர் முழங்கையால் பின்னால் இடித்தார். அது என் விலாவில்தான் பட்டது. நான் சுருண்டு விழுந்து கிடந்து, அதே முழங்காலில் மறுபடியும் கம்பி இறங்குவதைப் பார்த்தேன். அந்தக் கால் கால் மாதிரி இல்லை.

எல்லோரும் ஓடி வந்து அண்ணனைக் கீழே தள்ளினார்கள். பிறகு பூட்ஸ் போட்ட கால்களால் முகத்திலும் வயிற்றிலும் மிதித்தார்கள். காலையில் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்த பையன்கள். பல் ஒன்று தெறித்து என் கைக்குப் பக்கத்தில் விழுந்தது. பயிற்சியாளர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். ஒருவரும் நிற்கவில்லை. போலீஸ் வந்துதான் அடங்கியது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். "யாருப்பா அடிச்சது?"

வீங்கிய கண்ணோடு அண்ணன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எங்க அண்ணந்தான் சார்" என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அப்பா படகுக் கயிற்றை எடுத்தார். அதுவரை என்னை ஒரு அடி அடித்திராதவர். "கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுத்தியாடா?" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். விலாவில் கட்டு இருந்ததால் காலில் அடித்தார். ஆத்தாதான் கயிற்றைப் பிடுங்கி எறிந்தது. பிறகு அதுவும் என்னோடு பேசாமல் உள்ளே போய்விட்டது.

சில வாரம் கழித்து, மூச்சு விடுவது லேசானதும், நார்த்தாமலைக்குப் போனேன். ஆபரேஷன் முடிந்து அவன் வீட்டில் படுத்திருந்தான். முழங்காலில் இரும்பு வைத்திருந்தார்கள். இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"கைய எடுத்தியா?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எடுத்தேன். ஒனக்குக் கொஞ்சம் வலிக்கட்டும்னு நெனச்சேன். ஒடையும்னு நெனக்கல."

அவனுடைய ஊன்றுகோல் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து அந்த முழங்காலிலேயே ஒன்று போட வேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது. அண்ணனை அடிக்க வைத்தது எதுவோ அது எனக்குள்ளும் இருந்தது. அவன் அம்மா கொண்டுவந்த டீயைத் தொடாமல் எழுந்து வாசல் வரை போனேன். அந்த அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. திரும்பி வந்து வாங்கிக் குடித்தேன்.

கேஸ் கோர்ட்டுக்கு வந்தபோது மற்றவர்கள் சாட்சி சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. "அவனே விழுந்துட்டான்னு சொல்லு, போதும்" என்றார் அப்பா. நான் இரண்டையும் சொன்னேன்: அவன் கையை எடுத்ததையும், அண்ணன் அடித்ததையும். அண்ணனுக்குத் தண்டனை கிடைத்தது.

அடுத்த சீசனில் வேறொரு கிளப்பின் தேர்வுக்குப் போனேன். எடுத்துக்கொண்டார்கள். இப்போது அதுதான் என் பிழைப்பு. நார்த்தாமலைக்காரன் கல் உடைக்கிற ஒரு கிரஷரில் லாரிகளுக்கு எடை போடுகிறான். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

தண்டனை முடிந்து அண்ணன் வந்த சமயம் நான் லீவில் ஊரில் இருந்தேன். படகுகள் கரையேறும் இடத்தில், எல்லோரும் பார்க்க, நேராக என்னிடம் வந்து கன்னத்தில் அறைந்தார். காது அடைத்துக்கொண்டது. நான் நகரவில்லை. அடுத்த அடிக்குக் காத்திருந்தேன். அவருடைய கை பாதியில் நின்றது.

"உள்ள ஒரு நாளு ஒன் மேட்ச டிவில போட்டாங்கடா" என்றார். பல் போன இடத்தில் காற்று சீறியது. "நான் பாக்காம எந்திரிச்சுப் போயிட்டேன்."

சொல்லிவிட்டு மீன் கூடைகளைத் தாண்டி வேனை நோக்கி நடந்தார்.