நஞ்சில்லாப் புகையிலை

துறையூர்ப் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில், காத்தமுத்து ஒன்றரை ஏக்கரில் புகையிலை போடுகிறார். யூரியா, பூச்சிமருந்து எதுவும் கிடையாது, சாணமும் வேப்பம்புண்ணாக்கும்தான். வெட்டிய இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டுப் புகைபோட மற்றவர்கள் விறகு எரிப்பார்கள். இவர் தேங்காய் மட்டையை மூட்டம் போடுவார். "ஒரு மரத்தக்கூட நான் வெட்டுனதில்லைங்க. நம்ம சரக்குல நஞ்சே கிடையாது" என்று டீக்கடையில் சொல்வார். கேட்பவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். சிரிப்பின் சாயல்கூட இருக்காது.

அறுவடையிலும் சிக்கனம். வெயில் ஏறுமுன் வெட்டினால் மூன்று ஆள் வேலை இரண்டு ஆளில் முடியும். அந்த இருவரில் ஒருவர் மனைவி வேணி. பனி சொட்டும் இலையை மார்போடு அணைத்துத் தூக்கி வரப்பில் அடுக்குவார். மதியத்துக்குள் தலை சுற்றும், வாந்தி வரும். "பித்தம். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடி" என்பார் காத்தமுத்து. பதினெட்டு வருடமாகத் தையிலும் மாசியிலும் மட்டுமே வரும் பித்தம்.

போன வருடம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பசுமைச் சங்கம் இயற்கை விவசாயிகளுக்கு விருது அறிவித்தது. தண்ணீர், எரிபொருள், உரம் பற்றியெல்லாம் விண்ணப்பத்தில் விரிவாக எழுதிய காத்தமுத்து, பயிரின் பெயர் கேட்ட இடத்தில் 'இலைப்பயிர்' என்று எழுதினார். சங்கத்தார் கீரை என்று எடுத்துக்கொண்டார்கள். வயலைப் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. துறையூர் தூரம், வெயில் வேறு.

கல்யாண மண்டபத்தில் விழா. சிறப்பு விருந்தினர் டாக்டர் வைஷ்ணவி, புற்றுநோய் நிபுணர். பொன்னாடையை விரித்தபடி கேட்டார்:

"என்ன கீரைங்க போடுறீங்க?"

"புகையிலைங்க. நஞ்சில்லாதது."

சங்கச் செயலாளர் ஜெயக்குமார் மைக்கை அணைக்கப் பாய்ந்தார். டாக்டர் அவரைத் தடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற வேணியின் கறையேறிய கைகளைப் பார்த்தார்.

"இலை வெட்டுறது நீங்களாம்மா? உடம்பு எப்படி இருக்கு?"

"வாந்திங்க. அறுப்பு முடியிற வரைக்கும் இருக்கும். இவரு பித்தம்னு சொல்றாரு."

"பித்தம் இல்லைம்மா. ஈர இலையில இருக்கிற நஞ்சு தோல் வழியா உள்ள போகுது. பனி காஞ்சப்புறம் வெட்டுங்க. கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாம தொடாதீங்க."

ஜெயக்குமாரின் கவலை வேறு. கேடயத்தில் பெயர் பொறித்தாகிவிட்டது. அவசரமாக அதைக் காத்தமுத்துவின் கையில் திணித்துவிட்டு, புகைப்படக்காரரைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார்.

இந்தத் தை மாதம் வேணி விடிகாலையில் வயலுக்குக் கிளம்பவில்லை. "பனி காஞ்சாதான் வருவேன். அவசரம்னா நீங்களே தூக்குங்க" என்றார். காத்தமுத்து தூக்கினார். பதினொரு மணிக்கு வரப்பில் குந்தி, குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தார். வேணி தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தார்.

இப்போது அங்கே பத்து மணிக்கு மேல்தான் அறுவடை. மூன்று ஆள், மூவருக்கும் கையுறை. காத்தமுத்து டீக்கடையில் பனியைப் பற்றியும் தோலைப் பற்றியும் விளக்கிக்கொண்டிருக்கிறார். ஊரில் மற்ற பெண்களும் இலையில் பனி காயும்வரை வயலில் இறங்குவதில்லை. அவர்கள் விவரம் கேட்டுக்கொண்டது வேணியிடம்.