வாயை மூடிக்கொண்டு பார்த்த பாடம்

தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருக்கிறேன். ஜப்பானில் பயிற்சி எடுத்து வந்த மிஸ் எங்களுக்கு ஒரு முறை பழக்கினார். ஒருவர் பாடம் நடத்துவார். மற்றத் தோட்டத்து ஆயாக்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முடியும்வரை பேசக்கூடாது, எழும்பக்கூடாது.

அன்று பக்கத்துத் தோட்டத்து ஆயா செல்வி அக்காவின் மடுவத்துக்குப் போனேன். அக்கா பாட்டு சொல்லிக் கொடுத்தார். மூலையில் இருந்த சின்னப் பிள்ளை ஒரு ரப்பர் கொட்டையை வாயில் போட்டாள். அக்கா பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பக்கத்தில் மிஸ் எழுதிக்கொண்டிருந்தார். துப்பிவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவளுக்கு மூச்சு அடைத்தது. முகம் கறுத்தது.

அப்புறம்தான் பாய்ந்தேன். குப்புறப் பிடித்து முதுகில் தட்டினேன். கொட்டை விழுந்தது, பிள்ளை அழுதாள்.

"பார்த்துக்கிட்டா சும்மா இருந்த?" என்றார் அக்கா.

"பேசக்கூடாதுன்னாங்களே அக்கா."

"ஜப்பான்ல தரையில ரப்பர் கொட்டை கெடக்காதுடி!"

மிஸ் எழுதுவதை நிறுத்தினார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போதும் பாடம் பார்க்கப் போகிறேன், நல்ல முறைதான். ஆனால் உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "பாடத்துக்கு வாய மூடிக்கிறேன் மிஸ். பிள்ளைக்கு ஒண்ணுன்னா மூட மாட்டேன்."