ஃப்ரீமன் முட்டையைத்தான் நம்புவார்

ஃப்ரீமன் லாம்ப்ரைட் தன் ஐம்பத்தெட்டு வயதுக்குள் ஒரு தடவைகூட ஸ்டியரிங்கைப் பிடித்தவர் இல்லை. காரும் மின்சாரமும் வேண்டாம் என்று வாழும் ஆமிஷ் கிறிஸ்தவ சபைக்காரர், குதிரைதான் அவருக்கு எல்லாம். ஆனால் ஏப்ரல் பிறந்துவிட்டால் ஷிப்ஷெவானா என்ற சின்ன அமெரிக்க ஊரில் அவர் பட்டறை வாசலில் டிரெய்லர் வீடுகள் வரிசைகட்டி நிற்கும். காருக்குப் பின்னால் மாட்டி ஊர் ஊராக இழுத்துப்போகும் வீடுகள். அவற்றின் அடியில் இருக்கும் இரும்புப் பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் காற்றுப் பைகளை வைத்துக் கொடுப்பது அவர் தொழில். இரும்பு எலும்பை எண்ணவைக்கும், காற்று தாலாட்டும். அந்த வித்தியாசத்துக்காக நெவாடாவிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள்.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் டிரெய்லர் தொழிற்சாலை ஒன்றில் அச்சு பூட்டிக்கொண்டிருந்தார். காலை ஐந்து மணிக்கு வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். ஒரு வீட்டுக்குப் பதினோரு நிமிடம், அதற்குள் பூட்டு, தள்ளு, அடுத்தது. புத்தம் புதிதாக வெளியே போன வீடுகள் மூன்றே மாதத்தில் கதவு இளித்துக்கொண்டு, அலமாரி தொங்கிக்கொண்டு ரிப்பேருக்குத் திரும்பி வரும். உள்ளே தரையைப் பெருக்கினால் ஒரு கை நிறைய ஸ்க்ரூ கிடைக்கும். எங்கிருந்து விழுந்தவை என்று எவருக்கும் தெரியாது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். ஃப்ரீமனுக்கு அது மானப் பிரச்சினை. ஒருநாள் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தவர்தான், மறுபடி அந்த வேனில் ஏறவில்லை.

காற்று அவருக்குப் புதிதல்ல. அவர்கள் வீடுகளில் மின்கம்பி கிடையாது. டீசல் என்ஜின் கம்ப்ரெசரை ஓட்டும், கம்ப்ரெசர் காற்றைக் குழாயில் அனுப்பும், துளைபோடும் கருவியிலிருந்து மனைவி சவில்லாவின் தையல் மிஷின் வரை அந்தக் காற்றில்தான் ஓடும். காற்றுக்குச் சபையில் தடையில்லை. சக்கரத்துக்குள் மட்டும் அது போகக் கூடாது. குதிரை வண்டிக்கு இரும்புப் பட்டம் போட்ட சக்கரம்தான், காற்றடைத்த டயர் கிடையாது. ஏன் என்று சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: டயர் மெத்தென்று இருந்தால் மனுஷன் தூரம் போவான், தூரம் போனவன் திரும்பமாட்டான்.

தொழில் தொடங்கிய புதிதில் ஃப்ரீமனுக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஓடுகிற டிரெய்லருக்குள் சட்டப்படி யாரும் உட்கார்ந்து பார்க்க முடியாது. வெளியாட்களைக் கேட்டாலோ எல்லாவற்றுக்கும் ‘பிரமாதம்’ என்பார்கள். வெளியாட்கள் என்றால் இவர்கள் பேச்சில் இங்கிலீஷ்காரர்கள். ஜெர்மன்காரர் வந்தாலும் இங்கிலீஷ்காரர்தான்.

“பிரமாதம்கிறானே, நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?” என்றார் சவில்லா.

“காப்பி நல்லாயிருந்தாலும் பிரமாதம், காப்பி ஆறிப்போயிருந்தாலும் பிரமாதம். அவங்க வாயை நம்பி நான் எப்படித் தொழில் பண்ண?”

சவில்லா முட்டைக்கூடையோடு நின்றுகொண்டிருந்தார். “அப்ப இதை அனுப்பு. இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

அன்று பிடித்த வழக்கம். ஒவ்வொரு டிரெய்லரிலும் அச்சுக்கு நேர் மேலே, தரையில், மூடி திறந்த முட்டை அட்டைப்பெட்டியில் சவில்லாவின் பழுப்பு முட்டைகள் பன்னிரண்டு. கூடவே பட்டறை முகவரி எழுதிய ஒரு சீட்டு. போய்ச் சேர்ந்ததும் எத்தனை மிச்சம் என்று அந்த ஊர்ப் படம் போட்ட தபால் அட்டையில் எழுதிப் போட வேண்டும், அவ்வளவுதான். முதல் அட்டை மிசூரியிலிருந்து வந்தது: ‘நல்லவை மூன்று. மற்றவை ஆம்லெட்.’

ஃப்ரீமன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. பட்டறைக் கருவிகளுக்கு அடைக்கிற அதே அழுத்தத்தில் பைகளையும் அடைத்துவைத்திருந்தார். ஆயுசெல்லாம் கருவிக்குக் காற்று கொடுத்த கை, பைக்கும் அப்படியே கொடுத்துவிட்டது. பை கல்லாகிவிட்டால் அதற்கும் இரும்புக்கும் என்ன வித்தியாசம்? அதற்குப் பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் எடையையும் தனித்தனியாகப் பார்த்தார், படுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினார். தானாக ஏற்றி இறக்கும் மின்பெட்டி எதுவும் அவர் வேலையில் கிடையாது, எல்லாம் கையால் திருகும் வால்வுதான். அட்டைகள் ஒன்பது என்றன, பதினொன்று என்றன, பிறகு பன்னிரண்டு என்று மட்டுமே வந்தன. பட்டறைச் சுவர் முழுக்க மலையும் கடலுமாக முந்நூற்றுச் சொச்சம் அட்டைகள். அவர் பார்க்காத ஊர்களிலெல்லாம் அவர் வேலை அலுங்காமல் போய்க்கொண்டிருந்தது. இப்படி ஒரு மனிதரைப் பார்த்து வியக்காமல் என்ன செய்வது?

நவம்பரில் சவில்லா வைக்கோல் பரண் ஏணியிலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் நசுங்கிவிட்டன. நடக்கலாம், நாற்காலியில் உட்காரலாம், ஆனால் குலுக்கல் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக வாடகைக் கார் பிடிக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் காரில் போய் இறங்க முடியாது. சபைக்கென்று கட்டடம் கிடையாது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவர் வீட்டில் கூடுவார்கள். எங்கே கூடினாலும் இரும்புச் சக்கரத்தில் மூன்று நான்கு மைல். சவில்லா ஒன்பது ஆராதனைகளைத் தவறவிட்டுவிட்டார். இனி வருவது வசந்தகாலத் திருவிருந்து. எல்லோரும் சேர்ந்து அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் நாள், வருடத்துக்கு இரண்டே தடவை வருவது. இந்த முறை கிழவர் மென்னோ வீட்டில், நாலு மைல் தள்ளி.

“ஒன்பது போச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார் சவில்லா. “இதுவும் போச்சுன்னா என்னால தாங்க முடியாது ஃப்ரீமன்.”

அந்த வாரம்தான் ட்வைலா வந்தார். நெப்ராஸ்காவில் முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். டிரெய்லரே வீடு, டிரெய்லரே உலகம் என்று தனியாகச் சுற்றுகிறவர். உதிர்ந்த ஸ்க்ரூக்களை ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்து ஆட்டிக் காட்டினார். ஃப்ரீமன் மூன்று நாள் அவர் டிரெய்லரின் அடியிலேயே கிடந்தார். வேலை முடிந்து முட்டை அட்டையை வாங்கும்போது, சவில்லா நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்து மெல்ல எழுந்திருப்பதை ட்வைலா பார்த்துவிட்டார்.

“ஏன் ஃப்ரீமன், ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் மெத்தை போடறே. கட்டின பொண்டாட்டிக்கு மட்டும் கட்டாந்தரையா?”

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. டிரெய்லர் தெருமுனை திரும்பும்வரை ஃப்ரீமன் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு அலமாரியிலிருந்து இரண்டு சின்னக் காற்றுப் பைகளை எடுத்தார்.

அன்று மாலைக்குள் குதிரை வண்டியின் அடியில் அவை ஏறிவிட்டன. சக்கரத்தில் கை வைக்கவில்லை, இரும்பு இரும்பாகவே இருந்தது. சவில்லாவை ஏற்றிப் பட்டறை முற்றத்தில் ஒரு சுற்று, வேண்டுமென்றே பள்ளம் பார்த்து விட்டார்.

“எப்ப கிளம்பப் போறே?” என்றார் சவில்லா.

“வந்தே சேர்ந்துட்டோம்.”

சவில்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் முற்றத்தைத் தாண்டி ரோட்டில் ஏற்றச் சபை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃப்ரீமன் பிஷப் ஓரா ஷ்ராக்கைப் போய்ப் பார்த்தார்.

ஓரா தாடியை நீவிக்கொண்டே கேட்டார். “இதைப் போட்டா குதிரை வேகமாப் போகுமா?”

“குதிரைக்கு இது இருக்கிறதே தெரியாது.”

“எனக்கு ஆட்சேபம் இல்லப்பா. ஆனா உனக்கே தெரியும். திருவிருந்துக்கு முன்னாடி எல்லாரும் ஒருமனசா இருக்கணும். ஒருத்தர் மாட்டேன்னாலும் திருவிருந்து தள்ளிப்போயிடும். உன் ஒரு வண்டிக்காக நூத்திருபது பேரை நிறுத்தட்டுமா?”

“கேட்டுப் பாருங்க. ஒருத்தர் வேண்டாம்னாலும் அந்த இடத்துலயே விட்டுடறேன்.”

திருவிருந்துக்கு முந்தைய ஆராதனையான ஆலோசனை ஞாயிறு அன்று ஓரா கேட்டார். வரிசையாக ஒவ்வொருவரும் சம்மதம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் பக்கமும் முழுச் சம்மதம். மென்னோவிடம் வந்ததும் நின்றது. எழுபத்தெட்டு வயது, கண்ணை உயர்த்தாமலே பேசினார்.

“என்னால முடியாது. எங்க அண்ணனும் மெத்துனு இருக்கணும்னுதான் ஆரம்பிச்சான். டிராக்டருக்கு ரப்பர் டயர் போட்டான், அப்புறம் கார் வாங்கினான், இண்டியனாபொலிஸ் போனான். அவனைப் புதைச்ச மண்ணு எங்கே இருக்குன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. சவில்லாமேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா சரின்னு சொல்ல என் வாய் வரமாட்டேங்குது.”

எல்லாத் தலையும் ஃப்ரீமன் பக்கம் திரும்பியது. நம்மில் யாராயிருந்தாலும் இரண்டு வார்த்தை சூடாகக் கேட்டிருப்போம். உன் அண்ணன் ஓடினதுக்கு என் மனைவி முதுகு பொறுப்பா என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? ஃப்ரீமன் எழுந்து, “விட்டுட்டேன்” என்றார். உட்கார்ந்தார். திருவிருந்துக்கு ஒருமனசா என்ற கேள்வி அடுத்தவரிடம் போனது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சவில்லா அழுதார், மறைக்கவில்லை. அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, “பையைக் கழட்டிடு. கண்ணுல பட்டா ஆசை வரும்” என்றார். மறுநாள் முதல் வேலையாக ஃப்ரீமன் ஸ்பானரை எடுத்தார். கழற்றிக்கொண்டிருக்கும்போதே தபால் வந்தது. ட்வைலாவின் அட்டை. ‘பன்னிரண்டும் சுகம். சவில்லா சுகமா?’ அதை மட்டும் அவர் சுவரில் ஒட்டவில்லை.

திருவிருந்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை உபவாசம் முடிந்த மத்தியானம், தெருவில் தடதடவென்று சத்தம். சபையின் பெஞ்சு வண்டி. ஆராதனை எந்த வீட்டில் நடக்குமோ அந்த வீட்டுக்கு எல்லாப் பெஞ்சுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் சுமந்துபோகிற வண்டி. அது மென்னோ வீட்டில் அல்லவா நிற்க வேண்டும்? இரண்டு குதிரை பூட்டி மென்னோவே ஓட்டிக்கொண்டு பட்டறை வாசலில் நிறுத்தினார்.

“வழி தவறிட்டீங்களா மென்னோ?” என்றார் ஃப்ரீமன்.

“எழுபத்தெட்டு வருஷமா இதே ரோடு. தவற என்ன இருக்கு?” இறங்குவதற்கே அவருக்கு நேரம் பிடித்தது. “அன்னிக்குச் சரின்னு சொல்லலை. இன்னிக்கும் சொல்லலை. பெஞ்சை எங்கே போடட்டும்?”

ஃப்ரீமன் பெஞ்சு வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்க வீட்லதானே…”

“ஓராகிட்டப் பேசியாச்சு. அவ வர முடியாதுன்னா சபை வரட்டும். சபைக்கு முதுகுவலி இல்லையே.”

“உங்க சம்சாரம் ஃபேனி என்ன சொன்னாங்க? மூணு வாரமா வீட்டைக் கழுவித் துடைச்சாங்களே!”

“அதை ஏன் கேக்கறே. அடுப்புக்குப் பின்னாடி எல்லாம் தேய்ச்சு வச்சிருக்கா. விஷயத்தைச் சொன்னதும் ஒரு முறை முறைச்சா பாரு. அப்புறம், நூறு ஆப்பிள் பலகாரம் சுட்டிருக்கேன், அதுக்கும் சேர்த்து ரெண்டாவது நடை அடிங்கன்னுட்டா.”

சவில்லா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.  உள்ளே போய் ஒரு முட்டை அட்டையோடு வந்து நீட்டினார்.

“இது எதுக்கு?” என்றார் மென்னோ.

“பெஞ்சை இறக்கினா காலி வண்டிதானே போகுது, தரையில வச்சு எடுத்துட்டுப் போங்க. மூடியைத் திறந்தே வைங்க. மடியில வச்சா அது ஏமாத்து வேலை.”

“நான் என்ன டிரெய்லரா?”

“போய்ச் சேர்ந்ததும் எத்தனை மிச்சம்னு சொல்லணும்.”

மென்னோ முறைத்தார். ஆனால் அட்டையை வாங்கித் தரையில்தான் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் நூற்றிருபது பேர். கிரீஸ் வாசனை போகவில்லை. சுவர் அட்டைகளில் நீச்சலுடை போட்ட புளோரிடாவை மட்டும் சவில்லா முந்தின நாளே கழற்றிவிட்டிருந்தார். வீட்டுக் கதவிலிருந்து பட்டறைக்கு நாற்பது அடி. அதை நடந்துவந்து, பெண்கள் வரிசையின் ஓரத்தில் சாய்ந்தாடும் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் பாட்டு எழும்பியதும் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். ஐந்து மாதம் சேர்த்துவைத்த அழுகை.

காலையில் தொடங்கிய ஆராதனை மூன்றரை மணிக்கு அப்பமும் ரசமும் பரிமாறி, ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவும் சடங்குக்கு வந்தது. யாருக்கு யார் ஜோடி என்று தேர்ந்தெடுப்பதில்லை, அடுத்து நிற்பவரே ஜோடி. ஃப்ரீமன் காலுறையைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் எதிரே மென்னோ. கிழவர் இடுப்பை வளைத்து, தகர வாளியில் ஃப்ரீமனின் பாதத்தை எடுத்து வைத்து வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் யாரும் பேசமாட்டார்கள்.

“ஏழு” என்றார் மென்னோ, தலை நிமிராமல்.

பாட்டு எண்ணைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்து ஃப்ரீமன் புத்தகத்தைப் பார்த்தார்.

“முட்டைப்பா. பன்னண்டுல ஏழு உடைஞ்சு போச்சு.” துண்டை எடுத்துப் பாதத்தைத் துடைத்தார், விரல் இடுக்கு விடாமல் துடைத்தார். “இவ்வளவு குலுக்கும்னு எனக்குத் தெரியாது. இலையுதிர் காலத் திருவிருந்துக்கு முன்னாடி மறுபடி கேளு. வேண்டாம்னு நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

ஃப்ரீமன் குனிந்து கிழவரின் பாதத்தை வாளிக்குள் எடுத்து வைத்தார். கண்ணுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு பேரும் எழுந்து கட்டிக்கொண்டபோது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் பிடித்துவிட்டது.

சவில்லா அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போனபிறகு, அந்த நாற்பது அடியையும் கணவரின் கையைப் பிடித்துத் திரும்பி நடக்கும்போது கேட்டார்.

“மென்னோ உன் காதுல என்ன சொன்னாரு?”

“ஏழு உடைஞ்சுதாம்.”

சவில்லா நின்று யோசித்தார். “அஞ்சு தப்பிச்சுதா? பாவம், ரொம்ப மெதுவாத்தான் ஓட்டியிருக்காரு.”