இத்தனை நாள் எப்படிச் சாப்பிட்டீர்கள்?

என் கணவரை மில்லிலிருந்து நீக்கியது ஐம்பதுகளின் கடைசியில். அப்போது நாங்கள் துடியலூரில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே வாசலைச் சுற்றி ஏழெட்டு வீடுகள், அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு மில் தொழிலாளி. இவர் ஸ்பின்னிங்கில் சைடர். நூல் அறுந்து போகும் இடத்துக்கெல்லாம் ஓடி ஓடி இணைத்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. பக்கத்து ஆள் வரவில்லை, அவர் பார்க்கும் நூல் மெஷினை, அந்தப் பிரேமையும் சேர்த்துப் பார் என்று சூப்பர்வைசர் ஒரு நாள் சொன்னார். பார்த்தார். மறுநாளும் சொன்னார்கள். இனி இதுதான் வழக்கம் என்று புரிந்ததும் இவர், "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார்.

கீழ்ப்படியவில்லை, மற்றவர்களைத் தூண்டிவிட்டார் என்று குற்றம் எழுதி, மில்லின் ஆபீசர் ஒருவரே விசாரித்து, வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"மரியாதையாத்தான் சொன்னேன். முடியாதுங்கன்னுதான் சொன்னேன். முடியாதுன்னு சொல்லலை" என்றார்.

அந்தக் காலத்தில் தொழிலாளி தனியாக வழக்குப் போட முடியாது. சங்கம்தான் எடுத்துப் போட வேண்டும். எங்கள் சங்கச் செயலாளர் நல்ல மனிதர். சைக்கிளிலேயே ஊர் ஊராகச் சுற்றி வருவார். முதலில் லேபர் ஆபீசில் சமரசம் பேசிப் பார்த்தார்கள். மில்காரர்கள் இறங்கி வரவில்லை. பிறகு காகிதம் மதராசுக்குப் போய், அங்கே சர்க்கார் சரி என்று சொல்லி, கோயமுத்தூர் லேபர் கோர்ட்டுக்கு வந்து சேரவே நெடுங்காலம் ஆயிற்று.

அதற்குள் இவருக்கு வேறு இடங்களில் வேலை கிடைக்காமலில்லை. கருமத்தம்பட்டியில் புதிதாகத் தறி போட்டிருந்த ஒருவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இவரும் கிளம்பத் தயாராக இருந்தார். செயலாளர்தான் தடுத்தார்.

"நிரந்தரமா வேற இடத்துல சேர்ந்துபோட்டீங்கன்னா கேஸ் நிக்காதுங்க. வேற பொழப்புப் பாத்துட்டான், இவனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு அவங்க வக்கீல் கேப்பாருங்க. கொஞ்ச நாள் பொறுங்க" என்றார்.

அதனால் இவர் வீட்டில் இருந்தார். நான் ஜின்னிங் பேக்டரிக்குப் போக ஆரம்பித்தேன்.

நான் அதுவரை வேலைக்குப் போனதில்லை. முதல் நாள் அங்கே போய் உட்கார்ந்தபோது இருமலும் தும்மலுமாக இருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பருத்தியில் இருக்கும் சருகையும் கறைபட்ட பஞ்சையும் பொறுக்கி எடுக்க வேண்டும். என் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னைவிட மூத்தவள், வாய்க்காரி. மேஸ்திரியைப் போலவே நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் கொண்டுவரும் கோங்குராக் கீரைத் துவையலுக்கு ஒரு சண்டையே நடக்கும். ஒரு சீசன் முடிவதற்குள் அந்த இடம் எனக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொல்வதுகூடச் சரியில்லை. பிடித்துவிட்டது. கணவன் வேலையில்லாமல் இருக்கும்போது எனக்கு ஒரு இடம் பிடித்துப் போனதை யாரிடம் சொல்வது? சொல்லவில்லை.

இவர் வீட்டில் சோறு வடித்து, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, குழாயடியில் பெண்களோடு நின்று தண்ணீர் பிடித்து வந்தார். வளவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரும் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நான் திரும்பி வந்ததும் என்னை வாசலில் உட்கார வைத்து, தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சை ஒவ்வொன்றாக எடுப்பார். "இன்னைக்கு அந்தத் தெலுங்கம்மா என்ன சொல்லுச்சு?" என்று கேட்டுச் சிரிப்பார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அதிகமாகப் பேசிக்கொண்டது அந்த நாட்களில்தான்.

அவரை விசாரிக்கும் நாளில் நானும் கோர்ட்டுக்குப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மில் தரப்பு வக்கீல் வயதானவர், குரலை உயர்த்தவே இல்லை.

"கூடுதல் வேலை பார்க்கச் சொன்னபோது மறுத்தீர்களா?"

"ஆமாங்க. முடியாதுங்கன்னு சொன்னனுங்க."

டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் லேசாகச் சிரித்தார். இன்னும் சில கேள்விகள். பிறகு வக்கீல் காகிதத்தைப் புரட்டியபடியே கேட்டார்.

"நீக்கப்பட்ட பிறகு எங்கேயும் வேலை செய்யவில்லை என்கிறீர்கள்?"

"இல்லைங்க."

"அப்படியானால் இத்தனை நாள் எப்படிச் சாப்பிட்டீர்கள்?"

இவர் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "சொல்லுங்க" என்றார் சங்கச் செயலாளர் மெதுவாக.

"என்ற சம்சாரம் வேலைக்குப் போறாங்க. அவங்க சம்பாதிச்சுப் போடறாங்க, நான் சாப்புடறனுங்க."

நீதிபதி அதை இங்கிலீஷில் சொல்ல, டைப் அடித்தார்கள். மெஷின் சத்தம் நின்ற பிறகும் இவர் கூண்டுக் கட்டையைப் பிடித்தபடியே நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றுகொண்டார். பின்னால் இடம் காலியாகத்தான் இருந்தது.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்தேன். அவர் உள்ளேயே இருந்தார். பஞ்சை நானே எடுத்துக்கொண்டேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. செயலாளர் அதை வீட்டுக்கே கொண்டுவந்து தமிழில் வாசித்துச் சொன்னார். செய்த தவறுக்குக் கொடுத்த தண்டனை அதிகம், திரும்ப வேலையில் சேர்க்க வேண்டும் என்று இருந்தது. நடுவில், இவர் மனைவியின் சம்பாத்தியத்தில் பிழைத்து வந்திருக்கிறார் என்று ஒரு வரியும் இருந்தது. செயலாளர் அதையும் மற்ற வரிகளைப் போலவே வாசித்தார்.

"அதையும் எழுதிப்போட்டாங்களாங்க?" என்று கேட்டார் இவர்.

"அது உங்களுக்குச் சாதகமானதுங்க. வேற எங்கயும் சேரலைன்னு அதுலதான் நிரூபிச்சோம், அதனாலதான் ஜெயிச்சோம்."

வேலைக்குத் திரும்பும் நாள் காலையில் மில் கேட்டில் மாலை போடச் சங்கத்து ஆட்கள் காத்திருந்தார்கள். நானும் தூக்குப்போசியில் சோறு போட்டுக்கொண்டு ஜின்னிங் பேக்டரிக்குக் கிளம்ப நின்றேன்.

"நீ இனிமேப் போக வேண்டாம்" என்றார்.

"ஏனுங்க, சீசன் பாதியில இருக்குது. முடியற வரைக்கும் போய்ட்டு வாரனுங்க."

"கோர்ட்டுல என்னைய என்ன கேட்டாங்கன்னு நீயும் கேட்டுட்டுத்தான இருந்தே?"

"நீங்க ஒண்ணும் பொய் சொல்லலையே."

"பொய்யா இருந்திருந்தாப் பரவால்ல" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். கெஞ்சுவதைப் போலச் சொன்னார். தூக்குப்போசியை இறக்கி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, பேக்டரியில் என் பக்கத்தில் உட்காரும் அந்தத் தோழி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் உங்க ஊட்டுக்காரர்கிட்டப் பேசிப் பாக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் யாரைப் போலவும் நடந்து காட்டவில்லை.

மில்லில் இவருக்கு அதே ஸ்பின்னிங் வேலைதான் கொடுத்தார்கள். ஆனால் வழக்கு நடந்த வருஷங்களில் உள்ளே எல்லாம் மாறியிருந்தது. எந்தக் கூடுதல் பிரேமுக்காக முடியாதுங்க என்றாரோ அது இப்போது எல்லோருக்கும் உள்ள வேலை. அது நியாயமா என்று கோர்ட்டு எதுவும் சொல்லவில்லை. தண்டனை அதிகம் என்று மட்டும்தான் சொன்னது. அவரும் மற்றவர்களைப் போல அந்தக் கூடுதல் வேலையையும் செய்தார். இன்னொரு வழக்குப் போடலாம் என்று செயலாளர் வந்து சொன்னபோது, "இன்னொருக்கா அங்க போய் நிக்க முடியாதுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தால் படுத்துவிடுவார். மகளோடு இரண்டு வார்த்தை, என்னோடு அதுவும் இல்லை. நான் வாசல் தெளித்தேன், சமைத்தேன், மத்தியானங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தேன். ஜின்னிங் பேக்டரியின் சங்குச் சத்தம் வளவு வரைக்கும் கேட்கும். சில வருஷங்களில் அதுவும் நின்றது. பேக்டரியை விற்றுவிட்டார்கள் என்றார்கள். என் தோழி பல்லடத்தில் மகனோடு இருக்கப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே மில்லிலிருந்து நீக்கப்பட்ட ஒரு இளைஞர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். கேஸ் போடலாமா என்று இவரிடம் யோசனை கேட்டார். யாரை எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று இவர் பொறுமையாகச் சொன்னார். அவ்வளவு நேரம் அவர் பேசிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"அம்மணி வேலைக்குப் போறாங்களா?" என்று கடைசியில் இவர் அந்த இளைஞரிடம் கேட்டார்.

"தீப்பெட்டி ஒட்டற எடத்துக்குப் போறாங்கண்ணா. நிறுத்திப்போடலாம்னு இருக்கறேன்."

"போகட்டும்" என்றார் இவர். நான் நின்றிருந்த சமையலறைப் பக்கம் பார்க்காமல் இன்னொரு முறையும் சொன்னார். "போகட்டும்."

நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண்ணை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். ஒல்லியாக இருந்தாள், விரல்களில் பசை காய்ந்திருந்தது.

"தீப்பெட்டி ஒட்டறப்ப எத்தனை பேரு கண்ணு ஒண்ணாச் சேர்ந்து உக்காருவீங்க?" என்று கேட்டேன்.