கஸ்தூரியம்மா எழுதாத பரீட்சை

ஞாயிறு காலை கேளம்பாக்கம் சந்திப்பில் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். படத்தில் இருந்தது யாரோ இளவயதுப் பெண். பெயர் முழுவதையும் யாரையும் கேட்காமல் படித்து முடித்ததில் சந்தோஷம் வந்தது. அதற்குப் பிறகுதான் அது யார் பெயர் என்றும், படம் அவருடைய பழைய படம் என்றும் உறைத்தது. இப்படியா என்னைப் படிக்கவைப்பது?

முதியோர் வகுப்பில் நம்மோடு படித்த, இட்லி விற்ற கஸ்தூரியம்மாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் கொடுத்த தொல்லை எனக்குத்தான் அதிகம் தெரியும்.

முதல் பரீட்சையில் தாளைப் பார்த்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்து, எழுத்தெல்லாம் மறந்துபோனது. வருகைத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பக்கத்தில் மைப்பெட்டி இருந்தது. ஆறு மாதம் எழுதிப் பழகிய கையின் கட்டைவிரல் தானாகப் போய் மையைத் தொட்டது. ரேகை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் கஸ்தூரியம்மா என் இஸ்திரி வண்டிக்கு வந்தார்.

"இன்னா அண்ணாத்த, பெயிலானா உங்க நைனா எழுந்து வந்து அடிப்பாரா?"

"கை நடுங்குதும்மா."

"நடுங்கட்டும். நடுங்கிகினே எழுது. தெரிஞ்சத மொதல்ல எழுது. தெரியாதது எங்கியும் ஓடிடாது."

அன்று முதல் தினமும் கூடையை இறக்கிவைத்துவிட்டு எனக்குப் பரீட்சை வைத்தார். நான் எழுதும்போது, "இன்னும் அஞ்சு நிமிசம்தான்" என்று காதருகே கத்துவார். ஒரு வாடிக்கையாளரின் சட்டைக் காலர் கருகியது. "பரீட்சைன்னா அப்டித்தான் பேஜாரா இருக்கும்" என்றார். அடுத்த முறையும் உள்ளங்கை வியர்த்தது. வியர்த்தபடியே எழுதித் தேறினேன்.

அவரோ இரண்டு பரீட்சைக்கும் வரவில்லை. கேட்டால் மாவு புளித்துவிடும் என்பார். விடாமல் கேட்டபோதுதான், "வவுத்தக் கலக்குதுய்யா, அடுத்த தபா பாக்கலாம்" என்றார். எனக்குச் சொன்ன வைத்தியத்தைத் தனக்குச் செய்துகொள்ளாத மனுஷி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்த முறை விடுவதில்லை என்று அவருடைய விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். "ஞாயித்துக்கெழம வா, கையெழுத்துப் போடறேன்" என்றார். அதை எடுத்துக்கொண்டுதான் அன்று காலை அவர் இட்லி விற்கும் சந்திப்புக்குப் போனேன்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அவர் பெயர் என் கோணல் எழுத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் இடம் காலி. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது, கஸ்தூரியம்மா. தெரிந்ததையெல்லாம் எழுதிவிட்டேன்.